பழைய ஆர்சி மாதிரி விமானக் கிட்டுகளை அடையாளம் காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணிலிருந்து இறக்கிய பெட்டி ஒன்றையோ, பாதி உடைந்த இறக்கை ஒன்றையோ படமெடுத்து அனுப்பி, "இது என்ன விமானம்?" என்று கேட்பவர்களுக்குப் பல ஆண்டுகளாகத் தனித்தனியாகப் பதில் எழுதி வந்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இத்தகைய ஆர்சி, அதாவது ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானக் கிட்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான் ஆகிய நாடுகளில் தயாரானவை என்பதால் எடுத்துக்காட்டுகளும் அங்கிருந்தே வருகின்றன. பெட்டியின் மேலுள்ள படத்தைவிடப் பெட்டிக்குள் இருக்கும் மரமே நம்பத்தக்க சாட்சி என்பது என் அனுபவம். கீழே வரும் பதில்கள் எல்லாம் அதை ஒட்டியவை.

பெட்டியைத் திறந்தால் மரத்தகடுகளும் குச்சிகளும்தான் இருக்கின்றன. இதில் விமானம் எங்கே?

அந்தத் தகடுகளுக்குள்தான் இருக்கிறது. அக்காலத்துக் கிட் என்பது எடை மிகக் குறைந்த பால்சா மரத்தகடுகள், நீண்ட பால்சாக் குச்சிகள், சில ஒட்டுப்பலகைத் துண்டுகள், வளைத்த எஃகுக் கம்பி, முழு அளவில் அச்சிட்ட திட்டவரைபடம் ஆகியவற்றின் தொகுப்பு. இன்ஜின், ரேடியோ, சக்கரம், மேலே போர்த்தும் பட்டுத்துணி போன்றவற்றைப் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. வரைபடத்தை ஒரு பலகையில் விரித்து, அதன் மேலேயே துண்டுகளைக் குண்டூசியால் நிறுத்தி ஒட்டிக் கட்டுவார்கள். பல வாரங்கள் பிடிக்கும் வேலை அது.

இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் கட்டி முடித்து, மேலுறையும் போர்த்தி வருகின்றன. அவற்றில் இறக்கையைத் திருகி ரேடியோவைப் பொருத்தினால் போதும். அவற்றை அடையாளம் காண்பது வேறு வேலை. இந்தப் பக்கம் அவற்றைப் பற்றியது அல்ல.

எவ்வளவு பழையதாக இருந்தால் "பழைய கிட்" என்பீர்கள்?

ஆண்டைவிட ரேடியோவின் தலைமுறையை வைத்துப் பிரிப்பதே பயனுள்ளது என்பது என் கருத்து. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த வால்டர் குட், வில்லியம் குட் என்னும் சகோதரர்கள் 1937இல் "கஃப்" என்ற 8 அடி இறக்கை கொண்ட விமானத்தை ரேடியோவால் இயக்கிப் பறக்கவிட்டார்கள். அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. அப்போதெல்லாம் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவர்களால்தான் இதைச் செய்ய முடிந்தது. 1952இல் அமெரிக்க அரசு 27.255 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தேர்வு எழுதாதவர்களுக்கும் திறந்துவிட்ட பிறகே ஆர்சி கிட்டுகளுக்குப் பெரிய சந்தை உருவானது.

அதன் பின் ஒற்றைப் பொத்தான் காலம், ரீட் காலம், விகிதமுறைக் கட்டுப்பாட்டின் (கைப்பிடியை எவ்வளவு அசைக்கிறோமோ அவ்வளவே சுக்கானும் அசையும்) காலம் என மூன்று கட்டங்கள் வந்தன. மூன்றாவது கட்டம் 1960களின் நடுவில் பரவத் தொடங்கியது. 1980களின் நடுப்பகுதி வரை வந்தவற்றை நான் பழையவை என்று எடுத்துக்கொள்கிறேன். 1995இல் வாங்கியதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

பெயர் தெரியவில்லை. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் அளவெடுங்கள், அதுவும் அங்குலத்தில் எடுங்கள். ஜெர்மன், ஜப்பானியக் கிட்டுகளுக்கு மட்டும் மில்லிமீட்டர். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை, மூக்கிலிருந்து வால் வரை என மூன்று அளவுகள் போதும். பிறகு ஒரு பக்க இறக்கையில் எத்தனை ரிப்புகள் (இறக்கையின் குறுக்கே வரிசையாக நிற்கும் விலா போன்ற துண்டுகள்) இருக்கின்றன என்று எண்ணுங்கள். உறை போர்த்தியிருந்தால் விளக்கை இறக்கைக்குப் பின்னால் பிடித்தால் நிழல் தெரியும்.

அடுத்ததாக வால். கட்டியவர்கள் மூக்கையும் ஜன்னலையும் சக்கரத்தையும் தம் விருப்பம்போல மாற்றிவிடுவார்கள். செங்குத்து வாலின் வடிவத்தை மாற்றியவர்கள் மிகக் குறைவு. அதை ஒரு தாளின் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து எடுத்துக்கொண்டால், பழைய விளம்பரங்களிலும் வரைபடங்களிலும் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை.

பெயரில் 56, 60, 40 என்றெல்லாம் எண் வருகிறதே, அது மாடல் எண்ணா?

சில நிறுவனங்களுக்கு அது இறக்கையின் நீளம், சிலவற்றுக்கு இன்ஜினின் கொள்ளளவு, வேறு சிலவற்றுக்கு வடிவமைப்பின் வரிசை எண். சிகாகோவின் கார்ல் கோல்ட்பர்க் நிறுவனம் வெளியிட்ட ஃபால்கன் 56, ஸ்கைலேன் 62, ரேஞ்சர் 42, ஈகிள் 63 ஆகியவற்றில் எண் அங்குலக் கணக்கிலான இறக்கை நீளத்தைக் குறிக்கும். பிரிட்டனின் கீல்கிராஃப்ட் ஜூனியர் 60இலும் அப்படியே. ஆனால் சூப்பர் கேயாஸ் 40, சூப்பர் கேயாஸ் 60 என்பவற்றில் அந்த எண்கள் கன அங்குலத்தில் நூறில் ஒரு பங்காகச் சொல்லப்படும் இன்ஜின் அளவுகள்: 60 என்றால் 0.60 கன அங்குலம், ஏறக்குறைய 10 சிசி. ஜப்பானின் பைலட் நிறுவனத்து கியூபி வரிசையிலும் எண் இன்ஜினையே காட்டும். குவிக் ஃப்ளை 3 என்பதில் உள்ள 3 வெறும் வரிசை எண்.

எண் பொருந்துகிறது என்பதற்காகப் பெயர் பொருந்திவிடாது. ஃபால்கன் 56, ஸ்கைலார்க் 56 இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே நீள இறக்கை கொண்டவை. முன்னதன் இறக்கை உடலுக்கு மேலே, பின்னதன் இறக்கை உடலுக்குக் கீழே. இறக்கை மட்டும் கையில் கிடைத்த ஒருவருக்கு நான் அவசரப்பட்டு ஃபால்கன் என்று எழுதிவிட்டுப் பிறகு திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

பெட்டியில் ஆண்டு எங்கேயும் அச்சிடப்படவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறுவனத்தின் முகவரியைப் படியுங்கள். அமெரிக்காவில் 1943 முதல் பெருநகரங்களின் பெயருக்குப் பின் ஓரிலக்க அல்லது ஈரிலக்க அஞ்சல் மண்டல எண் இருந்தது. 1963 ஜூலை 1 அன்று ஐந்திலக்க எண் வந்தது. "சிகாகோ 51" என்று இருந்தால் பெட்டி அச்சான காலம் 1963க்கு முந்தையது அல்லது அதற்கு மிக அருகில். "60651" என்று இருந்தால் அதற்குப் பிந்தையது. ஜெர்மனியில் நான்கிலக்க அஞ்சல் எண் 1960களின் தொடக்கத்திலிருந்து 1993 ஜூன் இறுதி வரை புழங்கியது. அந்நாட்டுக் கிட் நிறுவனமான கிராப்னரின் பெட்டியில் ஊர்ப்பெயருக்கு முன் 7312 இருந்தால் அந்தக் காலத்தது. 73230 இருந்தால் 1993 ஜூலைக்குப் பிந்தையது. "மேற்கு ஜெர்மனி" என்ற சொல்லும் 1990 வரைதான்.

பிரிட்டிஷ் பெட்டிகளிலும் விளம்பரங்களிலும் விலை நல்ல சாட்சி. ஷில்லிங், பென்ஸில் விலை போட்டிருந்தால் 1971 பிப்ரவரி 15க்கு முந்தையது, ஏனெனில் அன்றுதான் அங்கே தசம நாணயம் வந்தது. விலையோடு கொள்முதல் வரியைக் குறிப்பிட்டிருந்தால் 1973 ஏப்ரலுக்கு முந்தையது. கோடுகளால் ஆன விலைக்குறியீடு (பார்கோடு) அமெரிக்கக் கடைகளில் முதன்முதலாகக் கருவியால் படிக்கப்பட்டது 1974இல் என்பதால், அது அச்சிடப்பட்ட பெட்டி அதற்கு முன் வந்திருக்க முடியாது.

ஒன்றை மறக்கக் கூடாது. இவையெல்லாம் பெட்டி அச்சான காலத்தைச் சொல்பவை. வடிவமைப்பின் வயதை அல்ல. கிடங்கில் மிஞ்சிய பழைய பெட்டிகளை நிறுவனங்கள் தூக்கி எறிந்ததில்லை. வரைபடத்தின் மூலையில் உள்ள முகவரி, பெட்டியில் உள்ளதைவிடப் பழையதாக இருப்பதையும் அடிக்கடி பார்க்கலாம்.

விமானத்தின் உள்ளே வால் வரை நீளமாக ஒரு கம்பியும், கொக்கியும் இருக்கின்றன. இது எதற்கு?

அது ஒற்றைப் பொத்தான் காலத்தின் கையெழுத்து. அந்தக் கொக்கியில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, பறக்கும் முன் அதை முறுக்கி வைப்பார்கள். எஸ்கேப்மென்ட் என்னும் சிறு கருவி அந்த முறுக்கைப் பிடித்து வைத்திருக்கும். தரையில் நிற்பவர் பொத்தானை அழுத்தினால் மின்காந்தம் தடையை இழுத்து, கருவி கால் சுற்றுச் சுற்றி நிற்கும். அந்தச் சுற்று கம்பி வழியாக வாலுக்குப் போய், சுக்கான் ஒரு பக்கம் திரும்பும். பொத்தானை விட்டால் மறுபடி கால் சுற்று. சுக்கான் நடுவுக்கு வரும். அடுத்த அழுத்தலில் எதிர்ப்பக்கம். இடமா வலமா என்பதை ஓட்டுபவரே மனத்தில் கணக்கு வைத்திருக்க வேண்டும். சுக்கான் தவிர வேறு எதுவும் அசையாத விமானமும், இறக்கை முனைகள் நன்றாக மேலே தூக்கிய வடிவமும் இந்தக் காலத்துக்கு உரியவை. தானே நிமிரும் விமானத்தைத்தான் அப்படி ஓட்ட முடியும். வடிவமைப்பாளர் ஹால் டிபோல்ட்டின் லைவ் வயர் வரிசையும், டாப் ஃப்ளைட் என்னும் அமெரிக்கக் கிட் நிறுவனத்துக்காகக் கென் வில்லார்ட் வடிவமைத்த ஸ்கூல்பாய், ஸ்கூல்மாஸ்டர் ஆகியவையும் ஒற்றைப் பொத்தானோடு நெருங்கிய தொடர்புடையவை.

ரீட் காலத்துக் கட்டமைப்பு வேறு. ரிசீவருக்குள் பல மெல்லிய எஃகு நாக்குகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட ஒலிக்கு மட்டும் அதிரும். ஒரு திசைக்கு ஒரு நாக்கு என்பதால் பத்து நாக்குகள் ஐந்து வேலைகளைச் செய்தன: இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பட்டை, கிடைவால், சுக்கான், இன்ஜின் வேகம், ஐந்தாவதாகக் கிடைவாலின் நுண்சீரமைப்பு. அந்த ஐந்தாவது வேலைக்கென வரைபடத்தில் தனி சர்வோ (பாகத்தை அசைக்கும் சிறு மோட்டார்) ஒன்று வரையப்பட்டிருந்தால், அது ரீட் காலத்து வரைபடம் என்று தயங்காமல் சொல்லலாம். 1960இல் சுவிட்சர்லாந்தின் டூபென்டார்ஃபில் நடந்த முதல் ஆர்சி சாகச உலகப் போட்டியில் எட் காஸ்மிர்ஸ்கி வென்ற ஒரையன் இந்தக் காலத்தது. அதையும் அவருடைய அடுத்த விமானமான டாரஸையும் டாப் ஃப்ளைட் கிட்டாக வெளியிட்டது.

மரத்தைப் பார்த்தே நிறுவனத்தைச் சொல்லிவிட முடியுமா?

நிறுவனத்தைச் சொல்வது அரிது, காலத்தைச் சொல்லலாம். மிகப் பழைய கிட்டுகளில் துண்டுகளின் வடிவம் மரத்தகட்டின் மேல் மையால் அச்சிடப்பட்டிருக்கும். பிளேடால் நாமே வெட்ட வேண்டும். பிறகு எஃகு விளிம்பு கொண்ட அச்சால் அழுத்தி வெட்டிய தகடுகள் வந்தன. இவற்றின் ஓரத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், மேற்பக்கம் சுத்தமாகவும் அடிப்பக்கம் சற்றே நசுங்கியும் இருக்கும். அச்சு மழுங்கிய பிறகும் தொடர்ந்து அடித்த கிட்டுகளில், வெட்டியதைவிடக் கடித்துத் துப்பியதுபோல ஓரம் தெரியும். லேசரால் வெட்டிய ஓரம் பழுப்பாகக் கருகியிருக்கும். அப்படி இருந்தால், பெட்டி எவ்வளவு பழையதாகத் தோன்றினாலும் உள்ளே இருப்பது பிற்கால மறுபதிப்பு.

மேலுறையும் காலத்தைச் சொல்லும், ஆனால் பாதிதான். டோப் என்னும் மெருகெண்ணெய் பூசிய பட்டு, காகிதம் ஆகியவை முந்தைய வழக்கம்; சூடாக்கி ஒட்டும் பிளாஸ்டிக் உறையான மோனோகோட் 1960களில் வந்தது. பழைய விமானத்துக்குப் புதிய உறை போர்த்துவது எளிது என்பதால், உறையை வைத்து வயதை முடிவு செய்யாதீர்கள்.

இன்ஜின் இல்லை, மூக்கு மட்டும் இருக்கிறது. அதிலிருந்து ஏதாவது தெரியுமா?

நிறையத் தெரியும். முன்னோக்கி நீளும் இரண்டு கடின மரக் கட்டைகள் இருந்தால் அவற்றின் இடைவெளியை அளந்து இன்ஜினின் அளவை ஊகிக்கலாம். வெறும் தட்டையான பலகையும், சிறிய துளைகளும் மட்டும் இருந்தால் 0.049 கன அங்குல காக்ஸ் பேப் பீ போன்ற, எரிபொருள் தொட்டியோடு சேர்த்துப் பலகையில் திருகும் இன்ஜின் இருந்திருக்கலாம். நைலான் தாங்கி இருந்தால் காலம் சற்றுப் பிந்தியது, அல்லது பிறகு மாற்றப்பட்டது.

முகர்ந்தும் பாருங்கள். மரத்தில் ஊறிய ஆமணக்கு எண்ணெயின் வாசனை பல பத்தாண்டுகள் போகாது. பிரிட்டனில் பரவலாக இருந்த சிறு டீசல் இன்ஜின்களின் எரிபொருளில் மண்ணெண்ணெயும் கலந்திருந்ததால், அந்த வாசனை சேர்ந்து வந்தால் நான் முதலில் பிரிட்டிஷ் கிட்டுகளின் பக்கம்தான் தேடுவேன்.

ஆன்டெனாவில் நீல நிற ரிப்பன் கட்டியிருக்கிறது. அலங்காரமா?

இல்லை, அது அலைவரிசை அறிவிப்பு. ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் ஓட்டினால் இரண்டு விமானங்களும் விழும் என்பதால், யார் எதில் இருக்கிறார்கள் என்று தூரத்திலிருந்தே தெரியும்படி ரிப்பன் கட்டினார்கள். 27 மெகாஹெர்ட்ஸில் பழுப்பு 26.995, சிவப்பு 27.045, ஆரஞ்சு 27.095, மஞ்சள் 27.145, பச்சை 27.195, நீலம் 27.255. நிறத்தோடு வெள்ளை ரிப்பனும் சேர்ந்திருந்தால் அது அமெரிக்காவின் 72, 75 மெகாஹெர்ட்ஸ் தொகுதியைச் சேர்ந்தது. 1960களின் நடுப்பகுதிக்கு முந்தையதாக இருக்காது. ஆனால் விமானமும் டிரான்ஸ்மிட்டரும் ஒரே காலத்தவை என்று இதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ரேடியோவை ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றாதவர் யாருமில்லை.

எனக்கு விமானமே கிடைக்கவில்லை. அப்பா கட்டியது சிவப்பு இறக்கை என்பது மட்டும்தான் நினைவிருக்கிறது. இதை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

நிறத்தை வைத்து முடியாது. நிறம் கட்டியவரின் விருப்பம். ஆனால் நிறத்தைத் தவிர வேறொன்றும் நினைவில்லை என்று சொல்பவர்களுக்கு, தாம் நினைப்பதைவிட அதிகம் நினைவிருக்கும். இதே கேள்வியைக் கேட்ட ஒரு நண்பரின் தந்தை 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வேலை பார்த்தவர். விமானம் எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. அதை வைத்து என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். இறக்கையை உடலோடு சேர்த்து ரப்பர் பட்டைகள் மாட்டும்போது ஒரு முனையைப் பிடித்துக்கொள்வது தன் வேலை என்றார். எனவே இறக்கை மேலே இருந்தது, திருகாணி இல்லை. காரின் பின்னிருக்கையில் குறுக்கே வைக்க முடியாமல் சாய்த்து வைத்ததைச் சொன்னார். எனவே இறக்கை 4 அடிக்குமேல். புல்தரையில் இறங்கும்போது வாலில் புல் சிக்கியதை எடுத்துவிடுவாராம். எனவே வால் தரையைத் தொட்டது, மூக்கில் சக்கரம் இல்லை. பக்கத்து ஜன்னலில் பொம்மை முகம் ஒன்றை ஒட்டச் சொல்லி அடம்பிடித்ததும் நினைவுக்கு வந்தது. எனவே ஜன்னல்கள் வைத்த அறை போன்ற உடல் இருந்தது.

பிறகு ஐந்து விமானங்களின் பக்கவாட்டு உருவத்தைக் கறுப்பு நிழலாக மட்டும் அச்சிட்டு அனுப்பினேன். வண்ணப் படங்களை வேண்டுமென்றே அனுப்பவில்லை. ஒருமுறை வண்ணப் படத்தைப் பார்த்துவிட்டால் அதுவே பழைய நினைவாகிவிடும், பிறகு எதையும் பிரித்தெடுக்க முடியாது. அவர் இரண்டு நாள் கழித்து ஒன்றைக் காட்டினார்: கீல்கிராஃப்டின் சூப்பர் 60. அதற்குப் பிறகுதான் வீட்டிலிருந்த பழைய புகைப்படங்களைத் தேடச் சொன்னேன். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு நினைவிருக்கிறதா என்று கேட்டால், எல்லோருக்கும் எல்லாமும் நினைவிருக்கும்.

ஒரே விமானம் இரண்டு நிறுவனங்களின் பெட்டியில் இருக்கிறதே, எது போலி?

பெரும்பாலும் எதுவும் போலி இல்லை. வடிவமைப்பாளர் ஒருவர், வெளியிடுபவர் வேறொருவர் என்பதே இத்துறையின் வழக்கம். ஃப்ரெட் டன் வடிவமைத்த ஆஸ்ட்ரோ ஹாக் 1950களில் பெர்க்லி நிறுவனத்தின் கிட்டாக வந்தது. பின்னர் அயோவா மாநிலத்தின் சிக் நிறுவனமும் அதை வெளியிட்டது. 1967இல் கார்சிகாவில் உலகப் போட்டியை வென்ற ஃபில் கிராஃப்டின் குவிக் ஃப்ளை 3, அமெரிக்காவில் டாப் ஃப்ளைட் பெட்டியிலும் ஜெர்மனியில் கிராப்னர் பெட்டியிலும் கிடைத்தது. இத்தகைய இரட்டைப் பதிப்புகளைப் பிரிக்க வரைபடத்தின் அளவு முறையைப் பாருங்கள்: அங்குலமா, மில்லிமீட்டரா.

இது கிட்டிலிருந்து கட்டியதா, பத்திரிகை வரைபடத்தைப் பார்த்து வீட்டில் வெட்டியதா?

மேலே மரத்தைப் பற்றிச் சொன்னதை இங்கே பயன்படுத்துங்கள். உறையை ஒரு மூலையில் மட்டும் உரித்து ரிப்புகளைப் பாருங்கள். ஒவ்வொரு ரிப்பிலும் ஓரம் ஒரேபோல நசுங்கியிருந்தாலோ, ஒரே இடத்தில் ஒரே சிறு பிசிறு இருந்தாலோ அது அச்சு வெட்டு. ரிப்புகள் ஒன்றுக்கொன்று மயிரிழை வேறுபட்டு, ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாக் கோட்டின் மிச்சம் இருந்தால் வீட்டு வெட்டு. அச்சிட்ட துண்டு எண்கள் சில நேரம் உள்ளே தப்பிப் பிழைத்திருக்கும். ரேடியோ அறைக்குள் ஒரு சிறு கண்ணாடியை விட்டுப் பாருங்கள். வீட்டு வெட்டு என்றால் மதிப்புக் குறைவு என்று விற்பவர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை, ஆனால் அதைக் கிட் என்று சொல்லி விற்பது தவறு.

பிரிக்காத பெட்டி ஒன்று கிடைத்திருக்கிறது. கட்டலாமா, வைத்திருக்கலாமா?

முதலில் அது உண்மையிலேயே முழுப் பெட்டிதானா என்று பாருங்கள். ஒரு விற்பனையாளரிடம் நான் வாங்கிய பெட்டியில் வரைபடம் ஒரு விமானத்துடையது, ரிப்புகள் வேறொன்றுடையவை. துண்டுப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, தகடுகளிலிருந்து எதையும் பெயர்க்காமல் படமெடுத்து, ரிப்புகளின் வடிவத்தைத் தாளில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பதிவு கையில் இருந்தால், புதிய பால்சாவில் அதே விமானத்தை வெட்டிக் கட்டலாம். பெட்டியும் அப்படியே இருக்கும். நான் அப்படித்தான் செய்கிறேன். வரைபடத்தை நகலெடுக்கும்போது மட்டும், நகலில் இறக்கை நீளத்தை அளந்து பாருங்கள்; நகல் இயந்திரங்கள் அளவைச் சற்று மாற்றிவிடுவது உண்டு.

கூடவே வந்த பழைய ரேடியோவை இயக்கிப் பார்க்கலாமா?

பறக்கவிட வேண்டாம். பேட்டரி கசிந்து கம்பிகளைப் பச்சையாக அரித்திருக்கும். முதல் வேலை அதை வெளியே எடுப்பது. ரேடியோவைப் பார்வைக்கு வைத்துவிட்டு, விமானத்தில் இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவியைப் பொருத்துங்கள்.

எல்லாம் ஃபால்கன் 56 என்றே சொல்கிறது, ஆனால் இறக்கை 54 அங்குலம்தான் இருக்கிறது. அப்படியானால் வேறு விமானமா?

முனைகள் மேலே தூக்கியிருப்பதால் நேர்க்கோட்டு நீளம் குறைகிறது என்று பலர் விளக்கம் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு பக்கமும் 28 அங்குலம், முனை 3 அங்குலம் உயர்ந்திருக்கிறது என்றால் மொத்தக் குறைவு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குதான். 2 அங்குலம் அதனால் போகாது.

இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று முனைகள்: அங்கே ஒட்டியிருந்த பால்சாக் கட்டைகள் விபத்தில் போய், மெல்லிய தகட்டால் மூடப்பட்டிருக்கலாம், இரண்டு பக்கமும் சமமாகக் குறைந்திருந்தால் இதற்கே வாய்ப்பு அதிகம். இன்னொன்று நடு இணைப்பு: ஒரு பக்கத்து ரிப்புகளை எண்ணி, மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு ரிப் குறைந்தாலோ, நடுவில் ஓர் இடைவெளி மட்டும் மற்றவற்றைவிடக் குறுகியிருந்தாலோ, முறிந்த இறக்கையைச் சுத்தமாக வெட்டி மீண்டும் ஒட்டியிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை அனுப்பியவரின் இறக்கையில் இடப்பக்கம் ஒரு ரிப் குறைவு; ஒட்டிய இடத்தில் பட்டுத்துணிப் பட்டை ஒன்றும், அதன்மேல் பென்சிலால் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் தேதியும் இருந்தன.